தண்ணீரின் முகம்

ஆன் ஆர்பர், மிச்சிகன்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

‘பனிக்குள்ள உக்காந்துகிட்டு நம்ம ஊருப் புயலை எப்படிப்பா பார்க்கிறாங்க?’ என்று போனில் கேட்டீர்கள். லைன் அறுந்து போனதில் பதில் பாதியில் நின்றுவிட்டது. மிச்சத்தை எழுதுகிறேன்.

நான் குடியிருக்கும் ஊரின் பல்கலைக்கழகத்தில், கிறிஸ் ரூஃப் என்ற பேராசிரியர் தலைமையில் உருவானது ‘சிக்னஸ்’ திட்டம். நாசாவுக்காகச் செய்த எட்டுச் சிறிய செயற்கைக்கோள்கள். ஒவ்வொன்றும் முப்பது கிலோகூட இல்லை. ஈர வலையைத் தோளில் போட்டால் இருக்கும் கனம்தான். இவ்வளவு சிறியவை பெரிய ராக்கெட்டில் ஓரமாக ஒட்டிக்கொண்டு போகலாம். ஆனால் அந்த ராக்கெட் போகும் பாதையில்தான் போக முடியும். புயல் பிறக்கும் வெப்பக் கடல்களையே சுற்றிச் சுற்றி வர, நிலநடுக்கோட்டுக்கு 35 பாகை சாய்ந்த பாதை வேண்டும். அதற்குத்தான் பெகாசஸ் என்ற ராக்கெட்டை எடுத்தார்கள்.

பெகாசஸ் தரையிலிருந்து கிளம்பாது. ஒரு காலத்தில் பயணிகளை ஏற்றிய மூன்று எஞ்சின் விமானத்தின் வயிற்றில் மாட்டிக்கொண்டு போகும். சுமார் 17 மீட்டர் நீளம், 23 டன் எடை, முக்கோணச் சிறகு. ஓடுபாதை இருந்தால் போதும், கடல் மேல் எங்கே வேண்டுமோ அங்கே கொண்டுபோய் விடலாம். 12 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் முக்கால் பங்குக்கு மேல் கீழே தங்கிவிடுவதால், கிழித்துக்கொண்டு போக வேண்டிய காற்றும் குறைவு.

2016 டிசம்பர் 12 அன்று ராக்கெட்டை விடுவிக்கும் பொறியின் பம்ப் ஒத்துழைக்கவில்லை. விமானம் சுமையோடு திரும்பியது. 15ஆம் தேதி காலை, ஃபுளோரிடாவுக்கு அப்பால் அட்லாண்டிக் மேல், மறுபடி. அடுப்பில் பால் பொங்குவதைக்கூடக் கவனிக்காமல் டிவி முன் நின்றேன். கொக்கி விட்டது. ராக்கெட் விழுந்தது. ஐந்து விநாடி, நெருப்பே இல்லாமல் வெறுமனே விழுந்தது. விமானம் விலகிப் போக அந்த அவகாசம் வேண்டும் என்று தெரியும். தெரிந்தும் மூச்சு விட முடியவில்லை. பிறகு பற்றியது. கால் மணி நேரத்துக்குள் எட்டும் இரண்டிரண்டாக விண்ணில் பிரிந்தன.

அவை செய்யும் வேலை உங்களுடையதுதான், சித்தப்பா. உங்கள் படகில் உள்ள ஜிபிஎஸ்ஸுக்கு வரும் அதே அலைகள் கடலில் பட்டுத் தெறிப்பதை இவை வாங்குகின்றன. தண்ணீர் அமைதியாக இருந்தால் கண்ணாடிபோல் தெளிவாகத் திருப்பி அனுப்பும். காற்று சிலுப்பிய தண்ணீர் அதைச் சிதறடிக்கும். சிதறலை அளந்தால் காற்றின் வேகம் தெரியும். தண்ணீரின் முகத்தைப் பார்த்துக் ‘காத்து ஏறுது, திரும்புவோம்’ என்பீர்களே, அதேதான். அலைநீளம் 19 சென்டிமீட்டர் என்பதால் கொட்டும் மழையும் மறைப்பதில்லை. புயலின் கண்ணைச் சுற்றிய சுவருக்குள்ளும் பார்க்கலாம். பழைய செயற்கைக்கோள்கள் தடுமாறிய இடம் அது. புயல் எந்தப் பக்கம் போகும் என்று சொல்வதில் தேறியவர்கள், எவ்வளவு வலுவாகும் என்பதில் பின்தங்கியிருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். எட்டுப் பேரும் இருந்தபோது ஒரே கடற்பரப்பைச் சராசரியாக ஏழு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்துவிட்டார்கள்.

வங்கக் கடலும் அவர்கள் பாதையில்தான் இருக்கிறது. 2018 நவம்பர் 16, கஜா புயல் கரையேறிய அன்று உங்கள் எண்ணை எத்தனை முறை அழைத்தேனோ. எச்சரிக்கை தருவது நம் வானிலை ஆய்வு மையம், இவை ஆராய்ச்சிக்கானவை. ஆனாலும் அன்று உங்கள் தலைக்கு மேலே ஏதோ ஒன்று கடலைப் பார்த்துக்கொண்டு போகிறது என்ற நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

இவற்றை ஏற்றிச் சென்ற பெகாசஸ் 1990 முதல் 2021 வரை 45 முறை கிளம்பியது. பெரிய ராக்கெட்டில் பங்கு போட்டுப் போவது இப்போது மலிவு. மலிவு நல்லதுதான். ஆனால் தனக்கு வேண்டிய பாதையில், வேண்டிய நாளில் போவதற்கும் ஒரு மதிப்பு உண்டு. சின்ன ஆராய்ச்சிக்கு அந்த வழி குறுகிப் போவது எனக்கு உறுத்துகிறது.

கொண்டல் காற்று அடிக்கும்போது தண்ணீர் எப்படி நிறம் மாறும் என்று ஆறுகாட்டுத்துறையில் ஒருமுறை சொல்லித் தந்தீர்கள். பாதி மறந்துவிட்டது. தம்பியிடம் சொல்லி முழுதாக எழுதி அனுப்புங்கள்.

சித்திக்கு என் அன்பு.

உங்கள் மகள்