அம்மாவின் மூக்குத்தி



எங்கள் அம்மாவுக்கு இருந்தது ஒரே ஒரு புகைப்படம். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்த அதை ஸ்டுடியோவில் பிரித்தபோது பாதி முகம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. நல்லவேளை, பிரிக்குமுன் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் எடுத்திருந்தார்கள். அது ஜேபெக் கோப்பாக என்னிடம் வந்தது.

தினமும் இரவு ஒரு மணி நேரம் பூஞ்சைப் புள்ளிகளை ஒவ்வொன்றாக நீக்குவேன், சேமிப்பேன், மூடுவேன். இருபது நாள் கழித்துப் பெரிதாக்கிப் பார்த்தால், மூக்குத்தியைச் சுற்றிக் கட்டம் கட்டமாக அழுக்கு! கணக்கு நோட்டுத் தாளை முகத்தில் ஒட்டியதுபோல.

அச்சகம் வைத்திருக்கும் பழைய மாணவனிடம் காட்டினேன். "சார், ஜேபெக்லயே திரும்பத் திரும்ப சேவ் பண்ணீங்களா?" என்றான்.

விஷயம் இதுதான். ஜேபெக் படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்குத் தெரியாது என்று கருதும் நுணுக்கங்களைக் கழித்துவிடும். அதனால்தான் கோப்பு சிறியது. திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் மறுபடி கழிக்கும். ஒருவன் நோட்டைப் பார்த்து இன்னொருவன், அவனைப் பார்த்து மூன்றாமவன் எழுதிய வீட்டுப்பாடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா! (திறந்து பார்ப்பதாலோ நகல் எடுப்பதாலோ கெடாது, பயப்பட வேண்டாம்.)

டிஃப், பிஎன்ஜி இரண்டும் அப்படியல்ல. எத்தனை முறை சேமித்தாலும் புள்ளி புள்ளியாக அப்படியே இருக்கும் (டிஃப்பிலும் ஜேபெக் சுருக்கத்தைத் தேர்ந்தெடுக்காதவரை). ஆனால் இடம் பிடிக்கும்: 4000-க்கு 3000 புள்ளி வண்ணப்படம் சுருக்காத டிஃப்பில் சுமார் 36 எம்பி. பிடிக்கட்டுமே.

என் கெட்டுப்போன கோப்பை டிஃப்பாக மாற்றினால் சரியாகுமா என்று கேட்டேன். போனது போனதுதான் என்றான். ஸ்டுடியோவிலும் அழித்துவிட்டார்கள். அன்று இரவு தூக்கமில்லை.

மறுநாள் நினைவு வந்தது. முதல் நாளே அக்காவுக்கு மின்னஞ்சலில் இணைத்து அனுப்பியிருந்தேன்! அது அப்படியே இருந்தது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பியிருந்தால் சுருங்கியிருக்கும். (நீங்களும் பழைய படங்களை எனக்கு 'டாக்குமெண்ட்' ஆகவே அனுப்புங்கள்.)

அந்த மூலத்தைத் தொடாமல் வைத்துவிட்டு, டிஃப் நகலில் மறுபடி முதல் புள்ளியிலிருந்து தொடங்கினேன். நேற்று முடிந்தது. உங்களுக்காக இங்கே போட்டிருப்பது அதன் ஜேபெக் நகல்.

அம்மாவின் பேசரி ஏழு கல் என்கிறாள் அக்கா, எட்டு என்கிறேன் நான். எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்த இடத்தில் வெறும் வெளிச்சம்தான் தெரிகிறது.