எடை குறைஞ்சா வண்டி பறக்குமா?

கார் பைத்தியம் பிடிச்ச ஆளு ஒருத்தராவது எல்லா காலேஜ்லயும் இருப்பாங்க. முதல் வருஷம் ஸ்டிக்கர், ரெண்டாவது வருஷம் சைலன்ஸர், மூணாவது வருஷம் ஏர் ஃபில்டர்னு படிப்படியா முன்னேறி, ஃபைனல் இயர் வந்ததும் 'லைட் வெயிட் ஃப்ளைவீல் போட்டா வண்டி பறக்கும் மச்சி!'ன்னு ஆரம்பிப்பாங்க. அந்த ஆளு நீங்கதான்னா, அப்பாகிட்ட கை நீட்டறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு அஞ்சு நிமிஷம் கொடுங்க பாஸ்!

நான் அந்த பார்ட்டுக்கு எதிரி இல்லை. சொல்லப்போனா ரசிகன். ஆனா அது தர்ற ஒவ்வொரு சந்தோஷத்துக்கும் ஒரு விலை இருக்கு. கடைக்காரர் தர்ற பில்லுல அந்த விலை இருக்காது. அதைத்தான் இங்கே பேசப் போறோம்.

தையல் மெஷின் தத்துவம்

முதல்ல, ஃப்ளைவீல்னா என்ன? பழைய மிதி தையல் மெஷினுக்குக் கீழே ஒரு பெரிய சக்கரம் இருக்கும், பார்த்திருப்பீங்க. காலை எடுத்த பிறகும் அது கொஞ்ச நேரம் சுத்திட்டே இருக்கும். அவ்வளவுதாங்க விஷயம். கிடைக்கிற சக்தியைச் சேர்த்து வச்சு, இல்லாதப்போ கொடுக்கிற உண்டியல்.

கார்ல இது கிராங்க் ஷாஃப்ட்டோட பின்பக்கம் உட்கார்ந்திருக்கும். நாலு சிலிண்டர் இன்ஜின்ல ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒரு சிலிண்டர்தான் வெடிக்கும். ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் நடுவுல வண்டி திணறாம பார்த்துக்கிறது ஃப்ளைவீல். நம்ம புல்லட்டை நினைச்சுக்குங்க. ஒரே சிலிண்டர், ரெண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. கனமான ஃப்ளைவீல் இருக்கிறதாலதான் மெதுவா 'டுப்... டுப்...'னு நின்னு நிதானமா அடிக்குது.

சரி, இந்த உண்டியல்ல எவ்வளவு சேரும்? சுமாரா 8 கிலோ ஃப்ளைவீல் ஒண்ணு 5,000 ஆர்.பி.எம்.-ல சுத்தும்போது, ஒரு டன் காரை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்குற அளவு சக்தி அதுக்குள்ள இருக்கும். அதே சக்கரம் 800 ஆர்.பி.எம். ஐடிலிங்ல? கிட்டத்தட்ட நாற்பதுல ஒரு பங்குதான்! வேகம் இருமடங்கு ஆனா சக்தி நாலு மடங்கு ஆகும்னு பிளஸ் டூ ஃபிஸிக்ஸ்ல படிச்சோமே, அந்தக் கணக்குதான். ஏற்கெனவே ஐடிலிங்ல உண்டியல் காலி. அதுல பாதியை வெட்டி எடுத்தா என்ன ஆகும்னு கொஞ்சம் நேரத்துல பார்ப்போம்.

கிடைக்கிறது என்ன?

நல்ல சேதி முதல்ல. 8 கிலோவை எடுத்துட்டு, அதே அளவுல 4 கிலோ ஃப்ளைவீல் மாட்டறீங்கன்னு வச்சுக்குவோம். முதல் கியர்ல டயர் ஒரு தடவை சுத்த இன்ஜின் சுமார் 14 தடவை சுத்தணும். ஃப்ளைவீலோட பாரம் அந்த 14-ன் வர்க்கத்துல பெருகும். அதாவது 196 மடங்கு! கணக்குப் போட்டுப் பார்த்தா, முதல் கியர்ல நீங்க கழட்டினது 4 கிலோ இல்லை, கிட்டத்தட்ட 85 கிலோ. பின் சீட்ல இருந்து வாட்டசாட்டமான ஃப்ரெண்ட் ஒருத்தன் இறங்கிக்கிட்ட மாதிரி. சும்மா ஜிவ்வுனு கிளம்பும்!

ஆனா மூணாவது கியர்ல அந்த லாபம் 12 கிலோ ஆயிடும். அஞ்சாவது கியர்ல வெறும் நாலரை கிலோ. ஃப்ரெண்ட் உள்ளேயேதான் இருக்கான், அவனோட புத்தகப் பை மட்டும்தான் இறங்கியிருக்கு! அதுவும் வேகம் கூடிட்டு இருக்கும்போது மட்டும்தான் இந்த லாபமும். ஒரே வேகத்துல ஹைவேல போனா சுத்தமா ஒண்ணும் இல்லை.

இன்னொரு முக்கியமான விஷயம். குதிரைத் திறன் ஒண்ணுகூட ஏறாது. டாப் ஸ்பீடும் ஏறாது. இன்ஜின் அதே இன்ஜின்தான். உருளையைச் சுத்தவிட்டு பவர் அளக்கிற சில டைனோ மெஷின்கள்ல நம்பர் கொஞ்சம் ஏறின மாதிரி காட்டும். காரணம், சக்கரத்தைச் சுத்திவிடச் செலவான சக்தி மிச்சமாகி வெளியே வருது. அவ்வளவுதான்.

அப்போ நிஜமான சுகம் எங்கே? ஆக்ஸிலேட்டரைத் தொட்டதும் முள் சட்டுனு எழும்பும், விட்டதும் சட்டுனு விழும். கியர் குறைக்கும்போது ஒரு சின்ன தட்டு தட்டினா இன்ஜின் வேகம் கச்சிதமா வந்து உட்காரும். 2010-ல தயாரிப்பு தொடங்கின லெக்ஸஸ் எல்எஃப்ஏ காரோட வி10 இன்ஜின், ஐடிலிங்ல இருந்து 9,000 ஆர்.பி.எம்.-ஐ 0.6 விநாடியில தொடும். சாதாரண முள் மீட்டரால அதைத் துரத்த முடியாதுன்னு டிஜிட்டல் திரையே வச்சாங்கன்னா பார்த்துக்குங்க!

போறது என்ன?

இனி அந்தப் பில்லுல இல்லாத விலை. அப்படி மாத்தின கார் ஒண்ணை ஒரு நாள் முழுக்க ஓட்டியிருக்கேன். காலையில காலி ரோட்டுல வாய் காது வரைக்கும் சிரிப்பு. சாயங்காலம் ஃப்ளைஓவர் ஏத்தத்துல, முன்னாடி பஸ், பின்னாடி ஆட்டோ... சிரிப்பு போயிடுச்சு! கிளட்ச்சை விடும்போது கைகொடுக்க உண்டியல்ல காசு இல்லை. ஆக்ஸிலேட்டர் கொஞ்சம் குறைஞ்சாலும் வண்டி பொசுக்குனு ஆஃப் ஆகப் பார்க்குது. சரி, கூடவே கொடுத்துக் கிளப்பலாம்னா, ஹாஃப் கிளட்ச்ல வாசனை வருது.

அந்த வாசனைக்கும் காரணம் இருக்கு. கிளட்ச் உரசும்போது வர்ற சூட்டை வாங்கிக்கிறதும் ஃப்ளைவீல்தான். இரும்பு குறைஞ்சா சீக்கிரம் சூடாகும். அலுமினியம் சூட்டை வேகமா பரவவிடும்தான், ஆனா உரசல் தாங்காது. அதனாலதான் நல்ல அலுமினிய ஃப்ளைவீல்ல உரசுற இடத்துக்கு மட்டும் ஸ்டீல் தகடு வச்சிருப்பாங்க.

ஏ.சி. போட்டா ஐடிலிங் ஏறி இறங்கும். கியர் மாத்த ஒரு நொடி தாமதிச்சா இன்ஜின் வேகம் அதுக்குள்ள கீழே விழுந்து ஒரு குலுக்கு குலுக்கும். நிறைய கார்கள்ல கம்பெனியே ஸ்பிரிங் வச்ச இரட்டை ஃப்ளைவீல்தான் போட்டிருக்கும். அதிர்வை விழுங்கறதுதான் அதோட வேலை. அதைக் கழட்டிட்டு ஒத்தை ஃப்ளைவீல் மாட்டினா, நியூட்ரல்ல கியர்பாக்ஸ் டப்பாக்குள்ள கூழாங்கல் போட்ட மாதிரி கடகடங்கும்.

இதை நான் மட்டும் சொல்லலை. போர்ஷே கம்பெனி 1992-ல 911 கரேரா ஆர்.எஸ். காரை விட்டப்போ, சாதா ஆர்.எஸ்.ஸுக்கு லேசான ஃப்ளைவீல், கொஞ்சம் சொகுசா வேணும்கிறவங்களுக்கான டூரிங் மாடலுக்கு அதிர்வை விழுங்கற இரட்டை ஃப்ளைவீல்னு பிரிச்சுக் கொடுத்தாங்க. 2016-ல வந்த 911 ஆர் மாடல்லயும் ஒத்தை ஃப்ளைவீல் கேட்டு வாங்குறவங்களுக்கு மட்டும்தான். ரேஸ்லயே ஊறின கம்பெனி, 'எது பெஸ்ட்'னு தீர்ப்பு சொல்லாம 'உங்களுக்கு எது வேணும்?'னுதான் கேட்டிருக்கு!

இன்னொரு பக்கமும் பாருங்க. நின்ன இடத்துல இருந்து பாயற டிராக் ரேஸ்ல, கனமான காரை வச்சிருக்கிறவங்க கனமான ஃப்ளைவீலையே தேடிப் போடுறதும் உண்டு. சேர்த்து வச்ச சக்தி மொத்தத்தையும் கிளட்ச்சை விட்டதும் டயர்ல கொட்டலாம் இல்லையா? வளைஞ்சு நெளிஞ்சு போற சர்க்யூட்ல கியரை மாத்திட்டே இருக்கணும், அங்கே லேசானதுதான் ராஜா.

லேத் பட்டறை பக்கம் போகாதீங்க!

இப்போ சீரியஸா ஒண்ணு. காசை மிச்சம் பிடிக்க, கம்பெனி ஃப்ளைவீலையே லேத்துல கொடுத்துக் கடைஞ்சு எடையைக் குறைக்கிற பழக்கம் இருக்கு. தயவுசெஞ்சு வேண்டாம். அதுல பெரும்பாலானது வார்ப்பிரும்பு. அழுத்தினா தாங்கும், இழுத்தா சட்டுனு விரிசல் விடும். 28 செ.மீ. அகலமுள்ள ஒரு ஃப்ளைவீல் 6,000 ஆர்.பி.எம்.-ல சுத்தும்போது அதோட விளிம்பு மணிக்கு 300 கி.மீ.க்கு மேலே பறந்துட்டு இருக்கும். அதுல ஒரு விரிசல் விட்டா என்ன ஆகும்? சிதறுற துண்டுக்கும் உங்க காலுக்கும் நடுவுல இருக்கிறது கியர்பாக்ஸ் மூடியும் ஒரு தகடும்தான். இதுக்காகவே அமெரிக்காவுல எஸ்.எஃப்.ஐ. 1.1-னு தனித் தரமே வச்சிருக்காங்க. வாங்கினா, அப்படிச் சோதிச்சுச் சான்று வாங்கின ஃபோர்ஜ்டு ஸ்டீலோ அலுமினியமோ வாங்குங்க. முடியலையா, கம்பெனி ஃப்ளைவீல் அப்படியே இருக்கட்டும். இதுல நடுவழி கிடையாது.

ஸோ, போடலாமா?

என் கட்சி இதுதான். தினமும் காலேஜ், வீட்டுக்குக் காய்கறி, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுன்னு எல்லாத்துக்கும் ஒரே கார்னா, வேண்டவே வேண்டாம். நீங்க ரசிச்சு ஓட்டுற வண்டியை வீட்ல வேற யாரும் ஓட்ட முடியாமப் போயிடும். வருஷத்துல பல நாள் இருங்காட்டுக்கோட்டை டிராக்ல ஓட்டறவர்னா, தாராளமா போடுங்க. அதுவும், ஒரேயடியா பாதியாக்காம கொஞ்சம் மட்டும் குறைச்சது கிடைச்சா அதையே எடுங்க. நேரமும் முக்கியம். ஃப்ளைவீலைத் தொடணும்னா கியர்பாக்ஸை இறக்கியே ஆகணும். கிளட்ச் தேய்ஞ்சு மாத்துற அன்னிக்கே சேர்த்து மாட்டினா ஒரு கூலி மிச்சம்.

முடிவெடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல மூணு கேள்வி எழுதுங்க. இந்த வண்டி டிராஃபிக்ல எத்தனை மணி நேரம் நிக்குது? முதல் ரெண்டு கியர்ல கிடைக்கிற ஜிவ்வு, மாசம் எத்தனை தடவை எனக்கு நிஜமா வேணும்? இதே காசுக்கு நல்ல டயரும் பிரேக் பேடும் வருமா? மூணாவது கேள்விக்குப் பதில் 'வரும்'னா, முதல்ல அதை வாங்குங்க. ஃப்ளைவீல் எங்கேயும் ஓடிப்போயிடாது!