நெயில் பாலிஷ் திருடன்

அடி என் கோமு,

பதில் போட மூணு வாரமாச்சுன்னு கோவிச்சுக்காதே. இங்கே போர்ட்ஸ்மத்தில் விடாத மழை, துவைச்ச துணியெல்லாம் கூடத்திலேயே தொங்குது, போதாக்குறைக்கு வீட்டில் ஒரு திருட்டு வேறே. ஆசையா வாங்கின நிறமில்லாத நெயில் பாலிஷ், நான் ரெண்டு தடவைகூடப் போடலை, பாட்டில் பாதி காலி! பெண் குழந்தை இல்லாத வீட்டில் யாரடி எடுப்பா? எல்லாம் எங்க வீட்டுக்காரர்தான். தன் பொம்மைக் காரோட முன்சக்கரத்துக்குப் பூசினாராம்.

பொம்மைன்னு சொன்னா அவர் முகம் சுருங்கிப்போகும். நிஜக் காரில் 32-ல் ஒரு பங்கு, 12 வோல்ட் மோட்டார். பாதையில் ஒரு பள்ளம் ஓடும், காரோட மூக்குக்கடியில் இருக்கிற நாக்கு அதில் மாட்டிக்கிட்டுப் போகும். ஸ்டீயரிங் கிடையாது, வேகத்தை மட்டும் கையிலிருக்கிற விசையால் கூட்டலாம், குறைக்கலாம். 1957-ல் ஸ்கேலெக்ஸ்ட்ரிக்னு இதைக் கொண்டுவந்த ஃபிரெட் பிரான்சிஸோட தொழிற்சாலை பக்கத்து ஊர் ஹாவன்டில்தான் இருந்ததுன்னு, வீட்டுக்கு வர்றவங்க காபி குடிக்கிறதுக்குள்ளே சொல்லிடுவார்.

எதுக்கு நெயில் பாலிஷ்? காரைத் திருப்புறது அந்த நாக்குதான், முன்சக்கரம் சும்மா கூட வர்றதுதான். அது தரையைப் பிடிச்சா வளைவில் காரை இழுத்து நாக்கைக் கிளப்பி விட்டுடும், அதனால் வழுக்கணும். பின்சக்கரத்துக்கு நேர்மாறு, பிடிப்புதான் உயிர். பிளாஸ்டிக் பாதைன்னா பள்ளத்தோரத் தண்டவாளம் இரும்பு, காருக்கடியில் ஒரு காந்தம் வெச்சா கவ்விக்கும். இவர் காரை ஓட்டப் போற கிளப்பில் மரப்பாதை, செப்புப் பட்டை, காந்தம் வெச்சு என்ன பிரயோஜனம்? எல்லாம் டயர் பாடுதான். ரப்பர், யூரித்தேன், சிலிகான், ஸ்பாஞ்சுன்னு என் ஊறுகாய் அலமாரியில் நாலு டப்பா வெச்சிருக்கார். சிலிகான் நல்லாப் பிடிக்கும், ஆனா ஊர்த் தூசியெல்லாம் ஒட்டிக்கும், அப்பப்போ பசை டேப்பில் உருட்டி எடுக்கணும்.

டயர் வாங்கி மாட்டினா உடனே ஓடாதாம். சக்கரம் துளி கோணலா இருந்தாலும் கார் கிடுகிடுன்னு நடுங்கும். அதனால் டயரைச் சக்கரத்தோடு பசை போட்டு ஒட்டி, மோட்டாரை மெதுவா ஓடவிட்டு உப்புத்தாளில் லேசாத் தேய்க்கணும். இவருக்குப் பொறுமை ஏது? அழுத்தித் தேய்ச்சு ஒரு ஜோடியை நாசம் பண்ணினார். கொடுங்கன்னு நான் வாங்கினேன். அடியே, முறுக்கு சுத்தின கைடி இது! கறுப்புத் தூள் பொடிப்பொடியா உதிருது, ரப்பர் வாசனை மூக்கைத் துளைக்குது. நிறுத்திப் பார்த்தா டயர்மேல அங்கங்கே மினுமினுன்னு திட்டு, அங்கெல்லாம் தாள் இன்னும் தொடலைன்னு அர்த்தம். மினுக்கம் அத்தனையும் போய் ஒரே மங்கலா வர்ற வரைக்கும் விடலை. வெளி ஓரத்தைக் கொஞ்சம் மழுக்கியும் விட்டேன், கூரா இருந்தா வளைவில் ஓரம் தட்டிக் கவிழ்ந்துடுமாம்.

சாயங்காலம் கிளப்பில் அந்தக் கார் நடுக்கமில்லாம வளைவு திரும்பினப்போ எனக்குத் தொண்டை அடைச்சதுடி, என் பிள்ளை முதல் அடி வெச்ச மாதிரி. அவர்கிட்ட சொல்லலை, சொன்னா இன்னும் நாலு டப்பா வாங்குவார்.

உன் மாமியார் முழங்கால்வலி தேவலையா? மறக்காம எழுது. எனக்குன்னு ஒரு சிவப்புக் கார் வாங்கியாச்சு, அதோட டயருக்குப் போட்ட பசை காய்ஞ்சிருக்கும், போய்த் தேய்க்கணும். மிச்சமிருக்கிற நெயில் பாலிஷை அரிசி டப்பாவுக்குள்ளே ஒளிச்சு வெச்சிருக்கேன்.

உன்
மீனா