பாதி ராத்திரியில் ஏதென்ஸ்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் செய்யத்தக்க காரியங்கள் பல உண்டு. க்ஷேத்திர யாத்திரை போகலாம். பேரக் குழந்தைகளுக்குக் கதை சொல்லலாம். திண்ணையில் உட்கார்ந்து ஊர் நியாயம் பேசலாம். நாமோ பண்டைய கிரேக்க, ரோமானிய நாகரிகத்தைப் படிப்பதென்று தீர்மானித்து, இங்கிலாந்திலுள்ள ஒரு சர்வகலாசாலையில் மாணாக்கராகச் சேர்ந்துவிட்டோம். இதற்காகக் கப்பல் ஏறவில்லை. பாடங்கள் கம்ப்யூட்டர் வழியாக நம் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிடுகின்றன. ஒரே ஒரு சங்கடந்தான். உபாத்தியாயர் அங்கே மாலை 7 மணிக்குப் பாடம் தொடங்கினால், குளிர் காலத்தில் இங்கே நள்ளிரவு 12.30.

"ஊரெல்லாம் உறங்கும்போது உங்களுக்கு மட்டும் என்ன தினந்தோறும் சிவராத்திரி?" என்றாள் நம் இல்லாள். பிறகு சற்று யோசித்து, "அதுவும் நம்மை ஆண்டவர்கள் படித்த படிப்பு!" என்றும் சொன்னாள்.

முதற் கேள்விக்குச் சிரித்து மழுப்பிவிட்டோம். இரண்டாவது சொல் மனத்தில் தைத்தது. அதில் உண்மை இருந்தது. இந்திய சிவில் ஸர்விஸுக்கு 1855-இல் லண்டனில் முதன் முதலாகப் போட்டிப் பரீட்சை வைத்தபோது, கிரேக்க பாஷைக்கு 750 மார்க்கு, லத்தீனுக்கு 750 மார்க்கு. ஸம்ஸ்கிருதத்துக்கோ 375 தான். இந்தியாவை ஆள வருகிறவன் இந்தியாவின் பழைய நூல்களை அறிவதைவிட ஏதென்ஸின் நூல்களை அறிவதற்கு மதிப்பு இரு மடங்கு! அந்த ஏணியில் ஏறித்தான் கலெக்டர்கள் நம் ஜில்லாக்களுக்கு வந்து சேர்ந்தார்கள்.

இவ்வளவும் தெரிந்திருந்தும், நமது முதற் கட்டுரையை எப்படி எழுதினோம் என்பதை நேயர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஏதென்ஸின் ஜனநாயகத்தைப் பற்றி எழுதவேண்டும். நாம் பெரிக்ளிஸைப் புகழ்ந்தோம். பார்த்தினான் கோயிலைப் புகழ்ந்தோம். பிரஜைகள் ஒன்றுகூடிக் கைதூக்கிச் சட்டம் செய்த அழகைப் பக்கம் பக்கமாகப் புகழ்ந்தோம். கட்டுரை திரும்பி வந்தது. நூற்றுக்கு 42. ஓரத்தில் உபாத்தியாயர் இரண்டே சொற்கள் எழுதியிருந்தார்: "மீலோஸ் எங்கே?"

மீலோஸ் என்பது ஒரு சிறு தீவு. கி.மு. 416-இல் ஏதென்ஸின் கடற்படை அங்கே சென்று, தனக்குப் பணிந்து கப்பம் கட்டும்படி கேட்டது. தீவினர் ஒருவர் பக்கமும் சேராமல் நட்பாக இருந்துவிடுகிறோம் என்றார்கள். நியாயம் என்பது சமபலம் உள்ளவர்களுக்குள் பேசவேண்டிய விஷயம் என்று ஏதென்ஸின் தூதர்கள் பதில் கூறிவிட்டார்கள். முற்றுகை நடந்தது. குளிர் காலத்தில் தீவு பணிந்தது. பிடிபட்ட ஆடவரைக் கொன்று, பெண்டு பிள்ளைகளை அடிமைகளாக விற்று, அந்த நிலத்தில் 500 பேரைக் குடியேற்றினார்கள். கைதூக்கிச் சட்டம் செய்த அதே பிரஜைகளின் காரியம் இது!

நமக்கு வெட்கமாகிவிட்டது. இருநூறு வருஷம் பிறருக்கு அடங்கி வாழ்ந்த தேசத்தில் பிறந்த நாம், அந்தப் பழைய சிவில் ஸர்விஸ் மாணவனைப் போலவே, கோட்டைக்கு உள்ளே நின்று ஊரைப் பார்த்திருக்கிறோம். வெளியே முற்றுகையில் பட்டினி கிடந்தவர்களின் பக்கம் நம் கண் போகவேயில்லை.

ஆனால் மீலோஸின் கதையை நமக்குச் சொன்னவர் யார்? துஸிடிடீஸ். ஏதென்ஸின் சேனாபதியாக இருந்து, ஒரு நகரத்தைக் காக்கத் தவறியதற்காக 20 வருஷம் நாட்டைவிட்டு விலகி வாழ்ந்தவர். தூரத்தில் இருந்தபடியே தம் ஊரைப் பற்றி எழுதினார். தீவு விழுந்து சில மாதங்களுக்குள், கி.மு. 415-இல், யூரிபிடீஸ் என்ற கவி, சிறைப்பட்ட டிராய் நகரத்துப் பெண்களின் ஓலத்தை ஏதென்ஸின் நாடக மேடையிலேயே கேட்கச் செய்தார். ரோமாபுரியிலும் இப்படி ஒருவர் உண்டு. கி.பி. 98-ஐ ஒட்டி டாஸிடஸ், பிரிட்டனை அடக்கிய தம் மாமனாரின் வரலாற்றை எழுதினார். அதில் பிரிட்டன் நாட்டுத் தலைவன் ஒருவன், ரோமானியர் தங்கள் கொள்ளைக்கு நல்ல பெயர் சூட்டி மறைக்கிறார்கள் என்று முழங்குகிறான். மாமனாருக்குப் புகழ்மாலை சூட்ட வந்தவர் எதிரியின் வாயிலும் இத்தனை நெருப்பை வைத்திருக்கிறார்!

பரீட்சைக்காக இதைப் படித்துவிட்டு இங்கே வந்த துரைமார்கள், அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது என்ன நினைத்திருப்பார்கள்? ஏணி அவர்களுடையதாக இருக்கலாம். புத்தகம் அவர்களுடையது மட்டுமன்று.

கட்டுரையைத் திருத்தி மறுபடி எழுதினோம். அதை உரக்கப் படித்துக் காட்டியபோது, சிவராத்திரி என்று பரிகசித்த நம் இல்லாள் அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்த டிராய்ப் பெண்களின் நாடகம் உங்களிடம் இருக்கிறதா?" என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தோம்.

இப்போதெல்லாம் இரவு 12.30 மணிக்கு நம் கூடத்தில் இரண்டு நாற்காலிகள். காப்பியும் இரண்டு டம்ளர். உபாத்தியாயருக்கு இது தெரியாது. ஒரு மாணாக்கருக்குத்தான் சம்பளம் கட்டியிருக்கிறோம்.