நாள்தோறும் நடக்கும் பாதையில்

வெளியூர்ப் பயணம் என்றால் கேமரா நினைவுக்கு வருகின்றது. குமுளிக்கும் மூணாறுக்கும் சென்று நூறு படங்களோடு திரும்புகின்றோம். நம் தெருக்கோடியிலிருந்து தொடங்கும் பாதையை எத்தனை பேர் படமெடுத்து வைத்திருக்கின்றோம்?

உத்தமபாளையத்தில் சுப்ஹுத் தொழுகை முடிந்ததும் நடப்பது என் வழக்கம். சில நாள் முல்லைப் பெரியாற்றங்கரை. 1895இல் பெரியாறு அணை திறக்கப்பட்டு, மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திரும்பியதால் செழித்த பள்ளத்தாக்கு இது. மேகமலைப் பக்கம் வெளுக்கும்போது வயலில் நீரும் வானும் ஒரே நிறமாக இருக்கும். அந்த ஐந்து நிமிடத்தைத் தவறவிட்டால் மறுநாள்தான்.

சில நாள் திருக்குணகிரி. அக்குன்றின் பாறையில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றோடு கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டு வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உண்டு. அவற்றுள் அச்சணந்தி என்னும் துறவியின் பெயர் காணப்படுகின்றது. மதுரை ஆனைமலையிலும் உள்ள அதே பெயர்! இத்தனை தொலைவும் அவர் நடந்தேதான் வந்திருக்க வேண்டும்.

உடன் வந்த மாணவன் ஒருவன் ஒருநாள் தயங்கியவாறு கேட்டான்: "ஹஜ்ரத், சிலைகளை நாம் படம் எடுக்கலாமா?" நல்ல கேள்வி. "நாம் வணங்குவதற்கோ வீட்டுச் சுவரில் மாட்டுவதற்கோ எடுக்கவில்லை. பூமியில் பயணம் செய்து முன் சென்றோரின் நிலையைப் பாருங்கள் என்று திருமறை பன்முறை சொல்கின்றதே, அதற்காக எடுக்கின்றோம். உன் மனம் ஒப்பவில்லையெனில் எழுத்துகளை மட்டும் எடு" என்றேன். அவன் எழுத்துகளை மட்டுமே எடுத்தான். அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

கல்வெட்டை உச்சி வெயிலில் எடுத்தால் வெறும் பாறைதான் பதியும். ஒளி பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது ஒவ்வோர் எழுத்தின் பள்ளத்திலும் நிழல் தங்கும். தேய்ந்த எழுத்தும் துலங்கும். துலங்கவில்லையே என்று சுண்ணக்கட்டியால் தீட்டுவதும், எண்ணெய் தடவுவதும் பெருங்கேடு. அருகில் ஓர் அளவுகோலை வைத்து எடுங்கள். நாளையும் இடத்தையும் குறித்து வையுங்கள். இல்லையெனில் பத்தாண்டு கழித்து எது எந்தப் பாறை என்று நமக்கே தெரியாது.

இதையெல்லாம் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் ஒரு புளியமரம். ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியில் பயின்ற நாள்களில் அதன் நிழலில்தான் பேருந்துக்கு நின்றோம். பின்னரும் பல்லாண்டு அதைக் கடந்தே நடந்தேன். சாலையை அகலப்படுத்தியபோது ஒரே பகலில் அது போயிற்று. அன்று மாலை வீட்டிலுள்ள படங்களையெல்லாம் கொட்டித் தேடினேன். மூணாற்றின் மரங்கள் இருந்தன, ஊட்டியின் மரங்கள் இருந்தன. இது மட்டும் ஒரே ஒரு படத்தில், மூன்று நண்பர்களின் தோள்களுக்குப் பின்னால், பாதி அடிமரமாக நின்றது.

அந்தப் பாதியை என் மாணவர்களிடம் காட்டியிருக்கின்றேன். வரும் வெள்ளிக்கிழமை காலை ஆற்றுப் படித்துறையை எடுக்கப் போகின்றோம்.