சதுப்பு வளர்த்த குதிரை

மணிப்பூர் மட்டக்குதிரையிடம் போனால் என் கை முதலில் போவது முன்னங்காலுக்கு. கணுவுக்குக் கீழே, பின்பக்கம் இரு ஓரமும் விரல் வைத்தால் நாடி தட்டுப்படும். நலமான குதிரையில் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். தேடாமலே துடித்து, குளம்பும் சுட்டால் உரிமையாளரிடம் ஒரே கேள்விதான்: "என்ன தீனி போடுறீங்க?" பதில் பெரும்பாலும் பெருமையோடு வரும். கடலை, தவிடு, வெல்லம். பாசத்தில் செய்வதுதான். ஆனால் மட்டக்குதிரைகளின் உடம்பு கொஞ்சத்தில் பிழைக்கப் பழகியது. மாவுச்சத்து கூடினால், குளம்புச் சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் கட்டிப் பிடிக்கும் மெல்லிய மடிப்புகள் வீங்கி நழுவத் தொடங்கும். முற்றினால் குதிரை எழுந்து நிற்கவே மறுக்கும்.

இந்தக் குதிரை கொட்டிலில் வளர்ந்ததல்ல. இம்பால் பள்ளத்தாக்கில் வேலை முடிந்ததும் அவிழ்த்து விட்டுவிடுவார்கள். சதுப்பில் இறங்கி, முழங்கால் நீரில் நின்று தானே மேய்ந்து வரும். கழுத்தும் முதுகும் சேரும் மேட்டில் அளந்தால் 52 அங்குலத்தைத் தாண்டுவது அரிது. அந்த உடம்போடுதான் மணிப்பூர் அரசர்களின் குதிரைப்படையைச் சுமந்தது. மணிப்பூரின் பழைய போலோவான சகோல் காங்ஜெய் ஆட்டத்திலும் ஓடியது. அணிக்கு 7 பேர், மூங்கில் வேரில் செய்த பந்து, கோல் கம்பம் கிடையாது.

அந்த ஆட்டத்தைப் பார்த்துச் சொக்கிப்போன ஆங்கிலேயர்கள் 1859-இல் சில்சாரில் போலோ கிளப் தொடங்கினார்கள். பிறகு ஆட்டம் உலகம் சுற்றியது. வேகம் வேண்டும் என்று குதிரையின் உயர வரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, முதல் உலகப் போருக்குப் பிறகு வரம்பையே எடுத்துவிட்டார்கள். ஆட்டத்தைக் கொடுத்த குதிரைக்கு அந்த ஆட்டத்தில் இடமில்லாமல் போயிற்று. இம்பாலின் மாபல் காங்ஜெய்புங் மைதானத்தில் மட்டும் இன்றும் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வந்து இந்தச் சிறிய முதுகில் ஏறுகிறார்கள். ஏறியவர்கள் அதன் திரும்பும் லாவகத்தைப் பாராட்டாமல் இறங்குவதில்லை.

பாராட்டுக்குக் குறையில்லை, புல்லுக்குத்தான். லம்பேல்பாட் போன்ற சதுப்புகளில் கட்டடங்கள் ஏறிவிட்டன. மேயப் போன குதிரை சாலைக்கு வருகிறது, குப்பைமேட்டில் வாய் வைக்கிறது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. விழுங்கிய பாலித்தீன் குடலில் அடைத்துக்கொண்டால் குதிரை புரண்டு புரண்டு துடிப்பதைப் பார்த்துக்கொண்டு மருந்து தேட வேண்டும். 2003 கால்நடைக் கணக்கெடுப்பில் மணிப்பூரில் 1,898 குதிரைகள். 2012-இல் 1,101. 2023-இல் ஹெய்ங்காங் குன்றில் போலோ வீரரையும் குதிரையையும் சுமார் 120 அடி உயரச் சிலையாக நிறுத்தினார்கள். சிலைக்குத் தீனிச் செலவு கிடையாது.

"உயர்ந்த ஜாதிக் குதிரையோடு சேர்த்தால் கிராக்கி வருமே" என்பவர்கள் உண்டு. உயரம் வரும், ஒப்புக்கொள்கிறேன். விலையும் வரலாம். சேற்றில் நின்று கோரைப்புல்லில் உடம்பு தேற்றும் குணம் அந்தக் குட்டிக்கு எங்கிருந்து வரும்? சங்கடம் என்னவென்றால், கலப்பே இல்லாத குட்டியைக் கொட்டிலிலேயே வளர்த்தாலும் இதே கேள்வி வரும். தலைமுறை கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஆகவே பொலிகுதிரை தேர்வில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். பல்லைப் பார்த்து வயதைக் கணிப்பேன். கட்டுத்தறியில் நிற்பதைப் பார்த்து எதுவும் சொல்ல மாட்டேன். ஈர மண்ணில் நடக்கவிட்டுக் கால் எடுத்து வைப்பதைப் பார்ப்பேன். எண்ணெய் மினுமினுப்பும் வாங்கிய கோப்பையும் அப்புறம். மழைக்காலம் முழுக்க வெளியில் மேய்ந்தும் விலா தெரியாமல் திரும்பும் குதிரைக்கே என் முதல் இடம். பெண் குதிரையிலும் அப்படித்தான்: கொஞ்சமாவது மேய்ச்சல் நிலம் மிஞ்சியிருக்கும் ஊரில் விசாரித்துவிட்டுத்தான் மற்ற ஊர்களுக்குப் போவேன்.