ஏழாவது ஆள்

நாளை காலை எட்டு மணிக்குத் தஞ்சாவூரில் ஒரு கால்பந்து ஆட்டம். கல்லூரிகளுக்கு இடையிலான மகளிர் போட்டியின் அரையிறுதி. ஒரு பக்கம் எங்கள் ஊர்க் கல்லூரி, மறுபக்கம் திருச்சிக் கல்லூரி. செய்தித்தாளில் இது வராது. வந்தாலும் மறுநாள் உள்ளூர்ப் பக்கத்தில் முடிவு மட்டும் நாலு வரியில் வரும். பெண்கள் ஆடப்போகும் ஆட்டத்தைப் பற்றி முந்தின நாளே யாரும் எழுதுவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன். என் அக்கா மகள் நடுக்களத்தில் ஆடுகிறாள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் வேண்டும்.

முதலில் திருச்சி அணி. பெரும்பாலும் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள். காலையும் மாலையும் சேர்ந்தே பயிற்சி செய்கிறார்கள். பந்தை உயரத் தூக்கி அடிப்பதில்லை. தரையோடு தரையாகக் காலுக்குக் கால் கொடுத்துக்கொண்டே முன்னேறுவார்கள். முன்களத்தில் இரண்டு பேர் கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கடலூர் என்றால் பெண்கள் கால்பந்து தெரிந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். இந்திய அணிக்கு ஆடி, தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் ஆன இந்துமதி கதிரேசன் அந்த மாவட்டத்துப் பெண்தான். 2018இல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாட்டுப் பெண்கள் முதன்முறையாகத் தேசியக் கோப்பையைக் கொண்டுவந்தார்கள். 2019இல் மதுரையின் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கை வென்றது. 2023இல் அமிர்தசரஸில் ஹரியானாவைத் தோற்கடித்து மறுபடியும் தேசியக் கோப்பை. இதெல்லாம் நடந்தபோது எங்கள் தெருவில் ஒரு பட்டாசுகூட வெடிக்கவில்லை. ஆனால் திருச்சியின் அந்த இரண்டு பிள்ளைகளும் இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவர்கள். பந்து காலுக்கு வரும்போது அவர்கள் பதறுவதில்லை.

இனி நம் அணி. கோல் கீப்பர் உண்மையில் கைப்பந்து ஆடுகிறவள். கை பழகியவள் என்பதால் கோலில் நிறுத்தியிருக்கிறார்கள். இடது பின்களத்தில் நிற்பவள் 800 மீட்டர் ஓட்டக்காரி. ஓடச் சொன்னால் நாளெல்லாம் ஓடுவாள், ஆனால் ஆஃப்சைடு இன்னும் பிடிபடவில்லை. மற்றவர்கள் திருவையாறு, பாபநாசம், ஒரத்தநாடு என்று நாலு திசையிலிருந்து பேருந்தில் வருகிறவர்கள். மாலைப் பயிற்சி என்றால் கடைசி நகரப் பேருந்தைக் கணக்குப் பண்ணித்தான் ஆட முடியும். பந்து நன்றாக ஓடத் தொடங்கும் நேரத்தில் ஒருத்தி மணி பார்ப்பாள். அவள் கிளம்பினால் அதே வழியில் போகும் மூன்று பேரும் கிளம்புவார்கள். அதனால் கார்னர் கிக்கை எப்படித் தடுப்பது என்று பதினோரு பேரும் ஒன்றாக நின்று இதுவரை பழகவே இல்லை. நாளைக்கு நாம் கோல் வாங்கினால் அது கார்னரில்தான் இருக்கும்.

ஆனாலும் நிலைமை முன்பு போல இல்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. "பஸ்ஸுக்குக் காசு ஏது, லீவு நாள்ல எதுக்குப் போற?" என்று வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியில் பாதி அன்றோடு போயிற்று. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துவந்த மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் அவர்கள் வங்கிக் கணக்கிலேயே விழுகிறது. என் அக்கா மகள் தன் முதல் மாதப் பணத்தில் ஸ்டட் பூட் வாங்கினாள். அக்கா திட்டினாள். "என் காசு," என்றாள் இவள். எங்கள் வீட்டில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை.

ஆண்கள் ஆட்டம் என்றால் இந்த இடத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று பேசத் தொடங்கிவிடலாம். நமக்கு அதற்கு முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது. எத்தனை பேர் வருவார்கள்?

கால்பந்தின் மூன்றாவது விதி இப்படிச் சொல்கிறது: ஓர் அணியில் ஏழு பேருக்குக் குறைவாக இருந்தால் ஆட்டத்தைத் தொடங்கக்கூடாது. பதினோரு பேர் இல்லையென்றாலும் ஆடலாம், ஏழு பேராவது வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இந்த விதியைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே வந்திருக்காது. எனக்கு வந்தது.

2000ஆம் ஆண்டு. நான் இரண்டாம் ஆண்டு பி.ஏ. எங்கள் அணியில் பதிமூன்று பேர் பெயர் கொடுத்திருந்தோம். ஆட்டத்துக்கு முந்தைய வாரத்திலிருந்து ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். ஒருத்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். ஒருத்தியை டவுசரில் பார்த்துவிட்டு அவள் அண்ணன் பூட்டை ஒளித்துவைத்தான். இன்னொருத்தி வீட்டில் பாட்டிக்கு உடம்பு சரியில்லை. ஆட்டத்தன்று காலை மைதானத்துக்கு வந்தவர்கள் ஆறு பேர். ஏழாவது ஆள் நான். நான் போகவில்லை. நடுவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு எதிரணிக்கு வாக் ஓவர் கொடுத்தார். எங்கள் கேப்டன் வெயில் ஏறும்வரை கேட் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள் என்று பிறகு சொன்னார்கள்.

சம்பா நடவுக்கு ஆள் குறைந்தது, அம்மா போகக்கூடாது என்று சொல்லிவிட்டாள். இருபத்தைந்து வருடமாக நான் சொல்லிவந்த காரணம் இதுதான். கேட்டவர்கள் எல்லோரும் நம்பினார்கள். குத்தகை நிலத்தில் பாடுபடும் வீட்டுப் பெண் வேறென்ன செய்வாள் என்று என்மேல் இரக்கப்பட்டார்கள்.

அது பொய். அம்மா தடுக்கவில்லை. அன்று எனக்கு மாதவிடாயின் முதல் நாள். எங்களுக்குக் கொடுத்திருந்தது வெள்ளை டவுசர். மைதானத்தைச் சுற்றிப் பையன்கள் நிற்பார்கள். நான் பயந்தேன். யாரிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது. வயிற்று வலி என்று மட்டும் சொல்லிப் படுத்துக்கொண்டேன். அம்மா வாசலில் நின்று, "வலின்னா ஒரு வாய் வெந்நி குடிச்சிட்டு வா. வயல்ல ஆள் குறையுது," என்றாள். ஆட்டத்துக்குப் போகாதவள் வீட்டில் சும்மா படுத்திருக்க முடியுமா? போனேன்.

அன்று முழுவதும் நட்டேன். பரம்படித்த வயலில் முழங்கால் சேற்றில் நின்று, நாற்று முடியைப் பிரித்துப் பிரித்து, குனிந்த முதுகு நிமிராமல் பின்னால் நகர்ந்துகொண்டே இருந்தேன். பாவாடை கறுப்பு நிறம், அதற்கு மேல் சேறு. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நடுப்பகலில் மோட்டார் கொட்டகை மறைவில் துணி மாற்றினேன். பக்கத்தில் நட்ட பெண்களில் எத்தனை பேருக்கு அன்று என்னைப் போலவே இருந்தது என்று எனக்குத் தெரியாது. இருந்திருக்கும். இந்த நாட்களில் பெண்ணுடம்புக்கு ஓய்வு வேண்டும் என்று வரப்பில் நின்ற யாரும் சொல்லவில்லை.

ஓடி ஆட முடியாது என்று நானே ஒதுக்கிவைத்த என் உடம்பு, அதே நாளில் எட்டு மணி நேரம் சேற்றில் குனிந்து வேலை செய்தது. இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருடங்கள் ஆயின. நம் உடம்பால் என்ன முடியும் என்று ஊர் முடிவு செய்வதில்லை. எதற்கு அதைச் செலவழிக்கலாம் என்றுதான் முடிவு செய்கிறது. வேலைக்குச் செலவழித்தால் அது கடமை. விளையாட்டுக்குச் செலவழித்தால் வீண், ஆபத்து, அசிங்கம்.

இது டெல்டாவின் வழக்கம் மட்டுமல்ல. 1920 டிசம்பரில் லிவர்பூலில் பெண்கள் ஆடிய ஓர் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் கூடினார்கள். ஆடியவர்களில் பலர் தொழிற்சாலைப் பெண்கள். உலகப்போரின்போது அவர்கள் குண்டு தயாரித்ததை யாரும் உடம்புக்கு ஆகாது என்று சொல்லவில்லை. மறு வருடமே, கால்பந்து பெண்களுக்கு ஏற்ற ஆட்டமல்ல என்று சொல்லி இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களை அவர்களுக்கு மூடியது. அந்தத் தடை நீங்க ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆயின. என்னைப் போலவே வெள்ளை டவுசருக்கு அஞ்சிய வீராங்கனைகள் வாய்திறந்து கேட்ட பிறகு, இங்கிலாந்து மகளிர் அணி 2023இல் நீல நிறத்துக்கு மாறியது. அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் வெகுநேரம் தூங்கவில்லை.

போன வாரம் என் பழைய கேப்டனுக்குப் போன் செய்தேன். இப்போது மன்னார்குடியில் இருக்கிறாள். உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அன்னிக்கு வந்த ஆறு பேர்ல ரெண்டு பேருக்கு அப்படித்தான்டி இருந்துச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல," என்றாள். அவள் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

இன்று மாலை அக்கா மகள் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர்கள் டவுசர் கருநீலம். அணியே பேசிக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். பூட்டை வைத்தாள், காலுறையை வைத்தாள், ஒரு நாப்கின் பாக்கெட்டையும் வைத்தாள். அவள் அப்பா கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

"சித்தி, நாளைக்கு எனக்கு ரெண்டாவது நாள்."

"முடியுமாடி?"

"முடியலன்னா கேப்டன்கிட்ட சொல்லிட்டு வெளிய வந்துடுவேன். வராம இருக்க மாட்டேன்."

எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டேன். பதினாலு பேர் என்றாள். ஒருத்தி வீட்டில் மட்டும் இன்னும் இழுபறியாம். இரண்டு பேர் போய்ப் பேசிவிட்டு வந்திருக்கிறார்களாம்.

என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். திருச்சி 3, நாம் 1. மழை பெய்து தரை இளகினால் அவர்களுடைய தரையோட்டப் பந்து நின்று நின்று வரும், அப்போது 2-1 ஆகலாம். நம்முடைய ஒரு கோல் நடுக்களத்திலிருந்து வரும் என்று நினைக்கிறேன். சித்தி என்பதால் சொல்லவில்லை, அவள் தூரத்திலிருந்து அடிப்பது நேராகப் போகும்.

ஆட்டம் எட்டு மணிக்கு. மன்னார்குடியிலிருந்து கேப்டனும் வருகிறேன் என்றிருக்கிறாள். நான் ஏழு மணிக்கே போய்க் கேட் பக்கம் நிற்பேன். உள்ளே வரும் பிள்ளைகளை ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும்.